வழவழப்பான ரிம்முக்கு எந்த பிரேக் கட்டை? ட்ரையல்ஸ் சைக்கிள் ஓட்டுவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் கோத்தகிரி ரோட்டில் ஒரு சைக்கிளின் பிரேக், ஓடுகிற சக்கரத்தை மெதுவாக்கிக்கொண்டே வர வேண்டும். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ரிம் சூடாகும், கட்டை தேயும். பாறை, மேடை போன்ற தடைகளைக் கால் ஊன்றாமல் சைக்கிளிலேயே தாண்டும் விளையாட்டுதான் ட்ரையல்ஸ். அந்தச் சைக்கிளில் பிரேக்கின் வேலையே வேறு. பின்சக்கரம் பாறை விளிம்பில், முன்சக்கரம் அந்தரத்தில், ஒற்றை விரல் லீவரில். அடுத்த கல்லைக் கண்ணால் அளந்துகொண்டிருக்கும்போது பின் ரிம் ஒரு நூல் நழுவினாலும் கால் தரைக்கு வந்துவிடும். சூடு நமக்குப் பொருட்டே இல்லை. நின்ற சக்கரம் நின்றபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை.

அதனால் ரோடு பைக், எம்டிபி (மலைப் பாதை சைக்கிள்) ஓட்டுவோர் சிபாரிசு செய்யும் பிரேக் கட்டைகளைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். அவர்களுக்கு நல்லதாக இருப்பது நமக்கும் நல்லதாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ட்ரையல்ஸ் பற்றி விசாரித்தால் பலரும் சொல்லும் முதல் யோசனை, ஆங்கிள் கிரைண்டரை எடுத்து ரிம்மின் பக்கவாட்டைச் சொரசொரப்பாகத் தீட்டிவிடு என்பதுதான். பிரிட்டன் மாதிரி வருடம் முழுக்க ஈரம் இருக்கும் ஊர்களில் அது சரியான யோசனை. நம் கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிறது. காங்கேயத்திலும் தாராபுரத்திலும் வருடத்தின் பெரும்பகுதி பாறை காய்ந்துதான் இருக்கும். இங்கே ஓட்டுகிறவருக்கு வழவழப்பான ரிம், அதற்கேற்ற மென்மையான கட்டை, ஒழுங்கான பொருத்தல் இந்த மூன்றும் போதும் என்பது என் உறுதியான எண்ணம். தீட்டிய ரிம்மைப் பழையபடி ஆக்க முடியாது. அதனால் அது கடைசி வழியாக இருக்கட்டும்.

முதலில் ரிம்மைப் பாருங்கள்

பார்க்க வழவழப்பாக இருக்கும் ரிம்கள் எல்லாம் ஒன்றல்ல. வெள்ளி நிறத்தில் பளபளவென்று இருந்தால் அது பெரும்பாலும் பூச்சில்லாத அலுமினியம். நாலு தடவை பிரேக் பிடித்துவிட்டுக் கட்டையைத் தொட்டால் விரலில் கருப்பாக ஒட்டும். கருப்பு, சிவப்பு, தங்க நிறம் என்றால் பெரும்பாலும் அனோடைஸ் செய்தது. மேலே இருப்பது பெயின்ட் அல்ல, அலுமினியம் ஆக்சைடின் மெல்லிய கடினமான படலம். கட்டை படும் இடத்தில் நாளடைவில் அது தேய்ந்து வெள்ளி எட்டிப் பார்க்கும். பாதி தேய்ந்து பாதி தேயாமல் இருக்கும் ரிம்தான் தொல்லை. சக்கரத்தின் ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் பிடிக்கும். மூன்றாவது வகையில், பிரேக் படும் பரப்பை லேத்தில் கடைந்து மெல்லிய கோடுகள் விட்டிருப்பார்கள். நகத்தைக் குறுக்கே இழுத்தால் மெலிதாகக் கிரீச்சென்று தெரியும். கட்டை உட்கார எளிதான பரப்பு இதுதான்.

பவுடர் கோட்டிங் அல்லது பெயின்ட் அடித்த ரிம்மில், பிரேக் படும் இடத்துப் பூச்சை எடுத்தாக வேண்டும். பூச்சின் மேல் எந்தக் கட்டையும் நிலையாகப் பிடிக்காது.

பிறகு கோட்டம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கட்டைக்கும் ரிம்முக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருந்தால் முதலில் கோட்டம் எடுங்கள். நம் ஊர் பழைய சைக்கிள் கடைக்காரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள், ஸ்போக் சாவியை இரண்டு திருகு திருகிச் சரி செய்துவிடுவார்கள். ரிம்மின் இரண்டு முனைகள் சேரும் இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். அங்கே மேடு இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கட்டை 'டக்' என்று இடிக்கும், மென்மையான கட்டையைக் கடித்தும் எடுக்கும். மெல்லிய உப்புத்தாளை ஒரு மரத்துண்டில் சுற்றி, அந்த மேட்டை மட்டும் தேய்த்துச் சமப்படுத்துங்கள்.

கட்டையின் பொருள்

இந்தப் பகுதிதான் முக்கியம், நிதானமாகப் படியுங்கள்.

ரப்பர், பாலியூரித்தேன் போன்ற பொருட்கள் இரண்டு விதமாகப் பிடிக்கும். பரப்பு சொரசொரப்பாக இருந்தால் அதன் மேடு பள்ளங்களில் கட்டை அழுந்தி மாட்டிக்கொள்கிறது. தீட்டிய ரிம்மில் நடப்பது இதுதான். அதற்குக் கட்டை கடினமாக இருந்தால்தான் நல்லது, இல்லாவிட்டால் ரிம் அதைச் சீவித் தள்ளிவிடும். பரப்பு வழவழப்பாக இருந்தால் மாட்டிக்கொள்ள இடமே கிடையாது. அப்போது கட்டை ரிம்மோடு ஒட்டி நின்றுதான் பிடிக்க வேண்டும். எவ்வளவு பரப்பு உண்மையில் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு பிடி. மென்மையான பொருள் ரிம்மோடு நன்றாகப் படியும், கடினமான பொருள் அங்கங்கே மட்டும் தொட்டு நிற்கும்.

இதிலிருந்தே மற்றதெல்லாம் விளங்கும். தீட்டிய ரிம்முக்கென்று விற்கும் கெட்டியான பிளாஸ்டிக் கட்டையை வழவழப்பான ரிம்மில் போட்டால் அதன் முகம் கண்ணாடி போல மினுங்க ஆரம்பிக்கும், பிடி போய்விடும். எண்ணெயும் புழுதியும் ஈரமும் வழவழப்பான ரிம்மின் எதிரிகள் என்பதற்கும் இதுவே காரணம். மயிரிழைப் படலம் நடுவில் வந்தாலும் ஒட்டுதல் அறுந்துவிடும்.

வாங்கும்போது எதிர்ப்படும் கட்டைகளைப் பார்ப்போம். ட்ரையல்ஸ் சைக்கிள்களின் பின்சக்கரத்தில் நெடுங்காலமாக ஆட்சி செய்வது ஜெர்மனியின் மகுரா கம்பெனியின் எச்எஸ்33 ஹைட்ராலிக் ரிம் பிரேக். லீவரை அழுத்தினால் உள்ளே இருக்கும் ஆயில் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் கட்டையை ரிம்மில் அழுத்தும். இந்த பிரேக்கோடு வரும் கம்பெனிக் கட்டை மோசமில்லை. நெடுநாள் உழைக்கும், பிடி மெதுவாக ஏறும். கற்றுக்கொள்ளும் காலத்தில் அதுவே போதும், லீவரை எவ்வளவு அழுத்தினால் என்ன நடக்கிறது என்பது விரலுக்குப் பழகிவிடும். அடுத்த படி, ட்ரையல்ஸுக்கென்றே வரும் மென்மையான பாலியூரித்தேன் கட்டைகள். ஹீட்சிங்க், ஜிட்சி, எக்கோ போன்ற பெயர்களில் கிடைப்பவற்றில் வழவழப்பான ரிம்முக்கா தீட்டிய ரிம்முக்கா என்று பெரும்பாலும் குறித்தே விற்பார்கள். அந்தக் குறிப்பைத் தேடிப் படித்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு கம்பெனியின் மஞ்சளும் இன்னொரு கம்பெனியின் மஞ்சளும் ஒரே பொருளாக இருக்க வேண்டியதில்லை.

வி-பிரேக் (கம்பி இழுத்து இரண்டு கைகளை ரிம்மில் அழுத்தும் வகை) வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்காவின் கூல் ஸ்டாப் கம்பெனியின் சால்மன் நிறக் கட்டை நல்ல தேர்வு. ஈரத்திலும் ஓரளவு கைவிடாது. சாதாரண சைக்கிள் கடையில் தொங்கும் கருப்புக் கட்டைகளை ட்ரையல்ஸுக்குப் போட வேண்டாம். அவை வேறு வேலைக்குச் செய்தவை.

கையில் கிடைத்த கட்டை எந்த வகை என்று தெரியாவிட்டால் கட்டைவிரல் நகத்தால் முகத்தை அழுத்துங்கள். நகம் பதிந்து, தடம் மெதுவாக மறைந்தால் மென்மையானது. பிளாஸ்டிக் வாளியை அழுத்துவது போல இருந்தால் அது தீட்டிய ரிம்முக்கு.

மென்மைக்கும் ஓர் எல்லை உண்டு. மிக மென்மையான கட்டை அழுத்தத்தில் தானே நெளியும். லீவரை முழுக்கப் பிடித்தும் சக்கரம் முன்னும் பின்னும் துளி அசைவது போலத் தோன்றும். ரிம் நழுவுவதில்லை, கட்டைதான் வளைகிறது. பெரிய கல்லின் விளிம்பில் அது நம்பிக்கையைக் கெடுக்கும். உடல் எடை கூடுதலாக இருப்பவர்கள் நடுத்தர மென்மையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கட்டையின் முதுகு

கட்டை எந்தத் தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. கம்பெனிக் கட்டைகளின் முதுகு பிளாஸ்டிக். மென்மையான கட்டையும் பிளாஸ்டிக் முதுகும் சேர்ந்தால் நெளிவு இரட்டிப்பாகும். அலுமினிய முதுகு வளையாது, விரல் கொடுக்கும் அழுத்தம் முழுசாக ரிம்முக்குப் போகும். மென்மையான கட்டை வாங்குவதாக இருந்தால் அலுமினிய முதுகோடு வாங்குங்கள். கட்டை தேய்ந்தபின் ரப்பரை மட்டும் மாற்றிக்கொள்ளும் வகையில் வருபவையும் உண்டு.

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கோயம்புத்தூரில் கணபதி, பீளமேடு பக்கம் தெருவுக்கு ஒரு பட்டறை. நான் பிளாஸ்டிக் முதுகு ஒன்றைச் சாம்பிளாக எடுத்துக்கொண்டு ஒரு பட்டறைக்குப் போனேன். "ஏனுங்கண்ணா, இதே மாதிரி அலுமினியத்துல போட்டுத் தர முடியுங்களா?" என்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிஸ்டனில் மாட்டும் குழியை வெர்னியரால் அளந்தார். "போட்டுரலாங்க தம்பி. ஆனா இந்த மாட்டற எடம் டைட்டா வேணுங்களா, ப்ரீயா வேணுங்களா?" என்று கேட்டார்.

சைக்கிள் பிரேக்கைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டார். பிளாஸ்டிக் கொஞ்சம் விரிந்து கொடுத்துப் பிஸ்டனைக் கவ்வும், அலுமினியம் விரியாது. குழி துளி பெரிதாக இருந்தாலும் பிரேக் பிடித்து சைக்கிளை முன்பின் அசைத்தால் 'டக் டக்' என்று ஆடும். அந்த ஆட்டம் முழுதும் சக்கரத்தின் ஆட்டமாக வந்து சேரும். கையால் அழுத்தினால் இறுக்கமாக ஏற வேண்டும், ஆட்டினால் அசையக்கூடாது, இழுத்தால் வர வேண்டும். பிஸ்டனையும் அளந்து கொடுத்தால் வேலை சுத்தமாக வரும். 6061 ரக அலுமினியம் போதுமானது.

முதுகைப் பட்டறையில் செய்யலாம், ரப்பரை வாங்கிவிடுங்கள். பாலியூரித்தேன் ஷீட் நம் ஊரில் கிடைக்கும், வெட்டி ஒட்டிவிடலாம் என்று தோன்றும். அச்சுகளுக்கும் மில் மெஷின்களுக்கும் விற்கும் ஷீட் தேயாமல் உழைப்பதற்காகச் செய்தது, பிடிப்பதற்காக அல்ல. ஒட்டு விட்டுப்போனால் பாறை மேல் நிற்கும்போதுதான் தெரியவரும்.

அளவு

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கட்டையின் மேல் விளிம்பு டயரைத் தொடக்கூடாது, கீழ் விளிம்பு ரிம்முக்குக் கீழே தொங்கக்கூடாது. தொங்கினால் அந்தப் பகுதி தேயாமல் உதடு மாதிரி நின்று, ரிம்மை முழுக்க அழுத்த விடாமல் தடுக்கும். இந்த இரண்டுக்கும் இடம் விட்டு எவ்வளவு நீளம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. 26 இன்ச் சக்கரத்துக்கும் 19 இன்ச் பின்சக்கரத்துக்கும் ரிம்மின் வளைவு வேறு என்பதால், நீளமான கட்டையைச் சின்ன ரிம்மில் மாட்டும்போது முனைகள் டயர் மேல் ஏறுகின்றனவா என்று பாருங்கள்.

சுத்தம்

புதுக் கட்டை மாட்டும் முன் ரிம்மைச் சுத்தம் செய்யாவிட்டால் கட்டைக்குக் கொடுத்த காசு வீண். பழைய கட்டையின் கருப்பும், செயினிலிருந்து தெறித்த எண்ணெயும், செம்மண் புழுதியும் சேர்ந்து ரிம்மில் ஒரு படலமாக இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் போட்டு முதலில் கழுவுங்கள். போர்த் தண்ணீர் என்றால் அப்படியே காய விடாதீர்கள், உப்பு வெள்ளையாகப் படிந்துவிடும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், மற்றவர்கள் உடனே துடைத்துவிடுங்கள். துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்டை விடச் சிறந்தது இல்லை. ஆனால் வொர்க்‌ஷாப்பில் ஏற்கெனவே கை துடைத்த வேஸ்ட் வேண்டாம், புதிதாக ஒரு கட்டு வாங்கித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். செல்போன் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் தெரியும். துணியில் நனைத்து, துணி கருப்பாவது நிற்கும் வரை ரிம்மின் இரண்டு பக்கமும் துடையுங்கள். மண்ணெண்ணெய், டீசல், துரு நீக்கும் ஸ்பிரே எதையும் ரிம் பக்கம் கொண்டுபோகாதீர்கள். எல்லாமே எண்ணெய்ப் பசையை விட்டுவிட்டுப் போகும்.

காங்கேயம், வெள்ளகோவில், பொள்ளாச்சிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கொப்பரை காயப்போடும் களம் சிமெண்ட் தரையோடு விசாலமாக இருக்கும், சமநிலை பழகத் தோதான இடம் போலவும் தெரியும். அந்தத் தரையில் தேங்காய் எண்ணெய் ஊறியிருக்கும். டயரில் ஏறி, டயரிலிருந்து ரிம்முக்கு வந்துவிடும். எண்ணெய் குடித்த மென்மையான கட்டையைக் காப்பாற்றுவது கஷ்டம்.

மாட்டுவது

சிமெண்ட் தரையிலோ டைல்ஸிலோ 120 நம்பர் உப்புத்தாளை விரித்து, புதுக் கட்டையின் முகத்தை எட்டுப் போடுவது போலச் சில தடவை தேயுங்கள். அச்சிலிருந்து வந்த மினுமினுப்பு போய் முகம் மங்கலாக வேண்டும். ஐபிஏ துணியால் துடைத்து மாட்டுங்கள். அதற்குப் பிறகு கட்டையின் முகத்தில் விரல் படக்கூடாது.

மகுராவில் சிலிண்டரைப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, லீவரைப் பிடித்து ஒரு ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். இரண்டு கட்டைகளும் ரிம்மைக் கவ்வியபடி தாமாக ஒரு நிலைக்கு வரும். அந்த நிலையிலேயே போல்ட்டுகளை மேலும் கீழும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு போல்ட்டை ஒரேயடியாக முறுக்கினால் சிலிண்டர் சாய்ந்துவிடும்.

முழு முகமும் படுகிறதா என்று சோதிக்க, நம் ஊர் டூல்ரூம் ஃபிட்டர்கள் இரண்டு பரப்புகள் பொருந்துகின்றனவா என்று பார்க்க நீலம் தடவுவார்களே, அந்த முறைதான். நீலச் சாந்தில் எண்ணெய் இருப்பதால் அது வேண்டாம், வொயிட் போர்டு மார்க்கர் போதும். கட்டைக்கு நேராக ரிம்மில் அடர்த்தியாகப் பூசி, காயும் முன் பிரேக்கை ஒரு தடவை அழுத்தி விடுங்கள். கட்டையைக் கழற்றிப் பார்த்தால் எங்கே மை ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் படுகிறது. மேல் விளிம்பில் மட்டும் ஒரு கோடாக ஒட்டியிருந்தால் கட்டை சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம், மறுபடி தளர்த்திச் சரிசெய்யுங்கள். முக்கால் பங்கு முகத்தில் மை வரும் வரை விடாதீர்கள். சோதனை முடிந்ததும் ரிம்மையும் கட்டையையும் ஐபிஏ போட்டுத் துடைத்துவிடுங்கள்.

வி-பிரேக்கில் சத்தம் வராமலிருக்கக் கட்டையின் முன்முனையைத் துளி உள்ளே சாய்த்து வைக்கும் வழக்கம் உண்டு. ட்ரையல்ஸுக்கு அது கூடாது. முழு முகமும் தட்டையாகப் பட வேண்டும், கத்தினால் கத்தட்டும்.

ரிம்முக்கும் கட்டைக்கும் இடையே பக்கத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் சந்து வையுங்கள். பின்பக்கச் சட்டக் கம்பிகள் பிரேக் பிடிக்கும்போது வெளியே விரிகின்றனவா என்று ஒருவரைப் பிடிக்கச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். விரிந்தால், இரண்டு பக்கத்தையும் இணைத்துப் பிடிக்கும் பூஸ்டர் தகடு போட வேண்டும். எந்தக் கட்டையும் அந்த விரிவை ஈடுகட்டாது. ஆயில் மாற்றுவதாக இருந்தால் மகுராவுக்கு அதன் மினரல் ஆயில்தான். மோட்டார் பைக்குக்கு வாங்கிய டாட் ஆயிலை ஊற்றினால் உள்ளே சீல்கள் போய்விடும்.

பழக்குவதும் சோதிப்பதும்

சமதரையில் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக இழுத்து இழுத்து விடுங்கள். முதலில் வழுக்கும், பிறகு படிப்படியாகப் பிடி ஏறும், சத்தமும் மாறும். அதன்பின் நின்றபடி லீவரைப் பிடித்து, சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். பின்னோக்கி இழுப்பதும் முக்கியம். பின்சக்கரத்தில் குதிக்கும்போது சக்கரம் இரண்டு திசையிலும் நழுவப் பார்க்கும். அது தேறினால் நடைபாதைக் கல் உயரத்தில் ஒரு மேடையின் விளிம்பு, அப்புறம் தோட்டத்தில் அடுக்கி வைத்த வேலிக் கல்லுக்கால்கள். இவை எல்லாவற்றிலும் நம்பிக்கை வந்தபிறகுதான் கரட்டுப் பாறைக்குப் போக வேண்டும்.

நழுவினால் உடனே வேறு கட்டை தேடாதீர்கள். ரிம்மை மறுபடி துடைத்துப் பாருங்கள், மார்க்கர் சோதனை செய்யுங்கள், கட்டையின் முகம் மினுங்கினால் உப்புத்தாளில் தேயுங்கள், லீவர் பஞ்சு மாதிரி அமுங்கினால் ஆயிலில் காற்று இருக்கிறது, எடுத்துவிடுங்கள். இத்தனையும் செய்தும் நழுவினால்தான் கட்டையின் பொருள் மேல் சந்தேகப்பட வேண்டும்.

தார் பற்றிக் கேட்பீர்கள். காய்ந்த தார் உருண்டையை ரிம்மில் லேசாக உரசினால் பிடி பல மடங்கு ஏறியது போல இருக்கும், ஊரே திரும்பிப் பார்க்கும் அளவு கத்தும். இது உலகம் முழுக்க ட்ரையல்ஸ்காரர்கள் செய்வதுதான். ஆனால் தார் 50 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகிவிடும். சித்திரை வெயிலில் நிறுத்திய சைக்கிளின் ரிம்மில் அது பிசுபிசுவென்று ஆகி, புழுதியை வாரிச் சேர்த்துக்கொள்ளும். மழைத் துளி பட்டால் இருந்த பிடியும் போகும். போட்டி நாளன்று தடத்தின் ஒரு பகுதிக்காகப் போடுவது உங்கள் விருப்பம், அன்றாடப் பழக்கமாக்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மழைக்காலம்

ஆனி, ஆடிச் சாரல் அடிக்கும் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கும், ஐப்பசி மழையிலும் விடாமல் பழகுகிறவர்களுக்கும் வழவழப்பான ரிம் சோதனைதான். தண்ணீர் நடுவில் வந்தால் மென்மையான கட்டை ஒட்டாது. ஒவ்வொரு முயற்சிக்கும் முன் பிரேக்கை இழுத்துக்கொண்டே சில அடி ஓட்டி, ரிம்மைத் துடைத்துக்கொள்ளலாம். ஈரமான கரிசல் மண் ஒட்டியிருந்தால் அதுவும் பயன்படாது, கழுவித்தான் ஆக வேண்டும். வருடத்தில் பாதி நாள் ஈரத்தில்தான் ஓட்டுவேன் என்பவர் ரிம்மைத் தீட்டிக்கொள்ளலாம். ரிம்மின் சுவர் தேயத் தேய மெலியும் என்பதையும், தீட்டல் மழுங்கும்போதெல்லாம் மறுபடி தீட்ட வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தீட்டும் அன்றே கட்டையையும் கடினமானதாக மாற்றிவிடுங்கள், மென்மையானதை அந்தப் பரப்பு சில நாளிலேயே தின்றுவிடும். கழற்றிய மென்மையான கட்டைகளைத் தூக்கிப் போட வேண்டாம். முன்சக்கரத்திலும் ரிம் பிரேக் என்றால் அங்கே வழவழப்பான ரிம்மை அப்படியே விட்டு, இவற்றை உப்புத்தாளில் ஒரு தடவை தேய்த்து மாட்டிக்கொள்ளலாம்.